தெளிநீர்த் திருத்தொண்டு

திருச்சிற்றம்பலம்



எல்லாம் வல்ல சிவபெருமானின் திருவருளை முன்னிட்டு, இந்த மேடையில் 'தெளிநீர்த் திருத்தொண்டு' என்னும் பொருள்பற்றிச் சில சொற்கள் சொல்ல முற்படுகின்றேன். தலைப்பைக் கேட்டதும், "அடியார் வரலாறு கேட்க வந்தோம், இவர் குடிநீரைப் பற்றிப் பேசப் போகின்றாரே" என்று சிலர் எண்ணலாம். நான் அடியார் வரலாற்றைத்தான் சொல்லப் போகின்றேன். அந்த வரலாறு திங்களூரில் தொடங்கி, ஆப்பிரிக்கக் கண்டத்துச் சிற்றூர்களிலும், வங்க தேசத்து ஆற்றங்கரைகளிலும், நடு அமெரிக்காவின் மலைக் கிராமங்களிலும் இன்றும் நடந்து வருகின்றது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

நீரும் இறைவனும்

நம் இறைவன் எட்டு வடிவினன். நிலம், நீர், தீ, காற்று, வான், ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் அவன் திருமேனி. அவற்றுள் நீரை அவன் தனித்து உவந்தான். திருஆனைக்காவில் நீராகவே நின்றான். விண்ணினின்று பாய்ந்த கங்கையைச் சடையில் ஏற்றான். அவள் வந்த விரைவில் உலகம் தாங்காது. எனவே அவ்வெள்ளத்தைச் சடையில் தடுத்து, உயிர்கள் தாங்கும் அளவில் மெல்ல மெல்ல வெளியே விட்டான். வெள்ளத்தைத் தடுத்து, நன்மையை மட்டும் உலகுக்கு விடுத்த அருட்செயல் அது.

நம் பூசை மரபையும் எண்ணிப் பாருங்கள். திருமஞ்சனத்துக்கு எடுக்கும் நீரை அப்படியே குடத்தில் முகப்பதில்லை. தூய துணியால் வடித்து எடுக்கின்றோம். இறைவன் திருமேனியில் தூசியும் துரும்பும் படலாகாது என்ற அன்பே அதற்குக் காரணம். அந்த அன்பு கருவறையோடு நின்றுவிடலாமா? அடியார்க்குச் செய்வது ஆண்டவனுக்கும் சென்று சேரும் என்று திருமூலர் நமக்கு அறிவுறுத்தினார். கற்சிலைக்கு வடித்த நீரும், பச்சிளங் குழந்தைக்குக் கலங்கல் நீரும் என்றால், அவ்வழிபாட்டை இறைவன் எப்படி ஏற்பான்?

2022ஆம் ஆண்டின் கணக்குப்படி, பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லாத மக்கள் உலகில் ஏறத்தாழ 220 கோடிப் பேர் என்று உலக நலவாழ்வு நிறுவனமும் யூனிசெப் நிறுவனமும் அறிவித்தன. குளத்தில் முகந்து குடிப்போரும் ஓடையில் முகந்து குடிப்போரும் இக்கணக்கில் அடங்குவர். தாகத்துக்குக் குடித்த நீரே நோயாகி உயிரைப் பறிக்குமாயின் அதைவிடக் கொடுமை வேறுண்டோ?

அப்பூதியார் பந்தர்

திங்களூரில் வாழ்ந்தவர் அப்பூதியடிகள். திருநாவுக்கரசரை அவர் நேரிற் கண்டதில்லை. ஆயினும் தம் மக்களுக்கு அவர் பெயரையே வைத்தார். அறச்சாலைக்கும் குளத்துக்கும் சோலைக்கும் அப்பெயரையே இட்டார். வழிநடந்து வருவோர் தாகந் தீர்க்கத் தண்ணீர்ப்பந்தர் அமைத்தார். அதற்கும் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டார். அவ்வழியே வந்த அப்பர் பெருமான், பந்தரெங்கும் தம் பெயர் இருக்கக் கண்டு வியந்து, அப்பூதியாரை நாடிச் சென்று, "உம் பெயரை இடாமல் வேறொருவர் பெயரை இட்டது ஏன்?" என்று கேட்டார். அப்பூதியாரோ வெகுண்டார். "அப்பெருமானின் பெருமையை அறியாதார் யார்? நீவிர் யார்?" என்று வினவினார். வந்தவர் தாமே சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்ட எளியவர் என்று சொல்லக் கேட்டு, அவர் திருவடியில் வீழ்ந்தார்.

இந்த வரலாற்றில் இரண்டு உண்மைகள் உள்ளன. ஒன்று, தொண்டு செய்தவர் தம் பெயரை மறந்தார். மற்றொன்று, அவர் தண்ணீர் கொடுத்தது அறிந்தவர்க்கு மட்டும் அன்று. வழியில் வந்தவர் எவரோ, எந்த ஊரினரோ, எக்குலத்தினரோ, அவர் கேட்கவில்லை. தாகம் ஒன்றே போதிய அடையாளமாயிற்று.

இக்காலத்தில் அந்தப் பந்தர் நடந்து செல்லும் பந்தராயிற்று. கடல் கடந்து, முன்பின் அறியாத மக்களிடம், ஒரு துணியையும் ஒரு மண்கலத்தையும் சுமந்து சென்ற தொண்டர்கள் உள்ளனர். அவர்களுட் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். நீறு பூசியவரும் அல்லர். ஆயினும் மாணிக்கவாசகர் நம் இறைவனைத் தென்னாட்டுக்கு உரியவனாகப் போற்றியபோதே, எல்லா நாட்டவர்க்கும் தலைவனாகவும் போற்றினார் அல்லவா? எந்நாட்டில் யார் தாகந் தீர்த்தாலும் அது அவன் திருமுன்னர் நடந்த தொண்டே.

துணியால் செய்த தொண்டு

காம்பீலி நகரில் நேசர் என்றொரு நாயனார் இருந்தார். நெசவுத் தொழிலர். தறியில் நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் அடியார்க்கு அளித்து முத்தி பெற்றவர். ஒரு முழத் துணி மனிதனை வீட்டுலகுக்கு உயர்த்துமா என்று கேட்பார் உளர். ஒரு முழத் துணி ஒரு நோயையே உலகினின்று விரட்டி வரும் கதையை அவர்களுக்குச் சொல்கின்றேன்.

நரம்புச் சிலந்தி என்ற பெயரை இங்குள்ள முதியோர் கேட்டிருக்கக்கூடும். கினிப்புழு என்றும் சொல்வர். சைக்ளாப்ஸ் என்னும் நீர்த்தெள்ளின் உடலுக்குள் இப்புழுவின் குஞ்சுகள் குடியிருக்கும். குளத்து நீரை அப்படியே குடிப்பவர் வயிற்றில் அவை புகும். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் எந்தத் துன்பமும் தெரியாது. பின்னர் ஒரு நாள் காலில் கொப்புளம் எழும், தீச்சுட்டாற்போல எரியும், கொப்புளம் உடைந்து வெண்ணூல் போன்ற புழு தலைநீட்டும். அதன் நீளம் ஒரு மீட்டர்கூட இருக்கும். இழுத்தால் அறுந்து புண் பெருகும். ஒரு குச்சியில் சுற்றி நாளுக்குச் சிறிதாக, வாரக்கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். எரிச்சல் தாளாமல் நோயாளி காலைக் குளத்தில் வைப்பார்; அந்த நொடியில் புழு தன் குஞ்சுகளை நீரில் உமிழும். தாகந் தீர்க்கும் குளமே மீண்டும் நஞ்சாகும். உழவு நாளில் உழவர் படுத்துவிடுவர், வயல் தரிசாகும், பிள்ளைகள் பள்ளியை மறப்பர்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. தீர்க்கும் மருந்தும் இல்லை. ஆயினும் தடுக்கும் வழி மிக எளிது. நீர்த்தெள்ளு கண்ணுக்குப் புலப்படும் எல்லையில் உள்ள உயிர். நெருக்கமாக நெய்த துணியில் வடித்தால் அது மேலேயே தங்கிவிடும். மருத்துவமனை வேண்டா, மின்சாரம் வேண்டா, குடத்தின் வாயில் ஒரு துணி வேண்டும், அதை ஒவ்வொரு முறையும் கட்டும் மனம் வேண்டும்.

1986ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இந்நோயால் வருந்தினர். அவ்வாண்டில் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் நிறுவிய கார்ட்டர் மையம் இந்நோயை ஒழிக்கும் பணியை மேற்கொண்டது. பணியின் முதுகெலும்பு யார்? அந்தந்தச் சிற்றூரார் தம்முள் தேர்ந்தெடுத்த தொண்டர்களே. கானா நாட்டில் செஞ்சிலுவைச் சங்கத்து மகளிர் வீடுதோறும் சென்று துணி கிழிந்திருக்கின்றதா என்று பார்த்தனர். ஆடு மாடுகளோடு அலைவோர்க்குக் கழுத்தில் தொங்கவிடும் சிறு குழாய் வடிகட்டி கொடுத்தனர். நீர்நிலையில் குனிந்து உறிஞ்சினாலும் குழாயின் வலை நீர்த்தெள்ளைத் தடுக்கும். கானாவில் 1989இல் கண்டறியப்பட்ட நோயாளிகள் ஏறத்தாழ 1,80,000 பேர். 2010க்குப் பின் ஒருவரும் இல்லை. உலகம் முழுவதிலும் 2024ஆம் ஆண்டில் நோயுற்றோர் 15 பேர் மட்டுமே.

1995இல் சூடான் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. தொண்டர்கள் ஊருக்குள் புக இயலவில்லை. கார்ட்டர் இரு தரப்பாரிடமும் பேசினார். ஏறத்தாழ ஆறு திங்கள் போர் ஓய்ந்தது. அந்த இடைவெளியில் வடிதுணிகள் ஊர்களைச் சென்றடைந்தன. மண்ணுக்காகவும் பொன்னுக்காகவும் போர் மூண்டதை வரலாற்றில் படித்திருக்கின்றோம். வடிதுணி செல்வதற்காகப் போர் நின்றதை அங்கே கண்டோம்.

இந்நோய் நமக்கு அயலானதும் அன்று. இந்தியாவில் தமிழகம் உட்பட ஏழு மாநிலங்களில் இது இருந்தது. இறங்கி நீர் முகக்கும் படிக்கிணறுகளே இதன் இருப்பிடம். கடைசி நோயாளி 1996இல் இராசத்தானத்தில் கண்டறியப்பட்டார். 2000இல் இந்தியா இந்நோய் நீங்கிய நாடு என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. நம் வீட்டில் பட்ட துன்பம் அது; அயலார் வீட்டில் காணும்போது நம் நெஞ்சு நெகிழ வேண்டாமா?

குளத்தை இகழாத தொண்டு

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆப்பிரிக்காவின் சில ஊர்களில் மக்கள் தம் குளத்தைத் தெய்வமாகவே போற்றினர். "எங்கள் முன்னோர் காத்துத் தந்த குளம் நோயைத் தருமா?" என்று முதியோர் சினந்தனர். நீர்த்தெள்ளைக் கொல்லும் மருந்தைக் குளத்தில் தெளிக்க இசையவில்லை. திருக்குளத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளும் நமக்கு அந்த முதியோர் நெஞ்சம் நன்கு விளங்கும். விரைந்து செயல்பட எண்ணும் தொண்டர் அவர்களை அறியாதவர் என்று இகழ்ந்திருப்பார். நல்ல தொண்டர் அவ்வாறு செய்யவில்லை. கண்ணாடிக் குவளையில் அக்குளத்து நீரை முகந்து, அதனுள் துள்ளும் சிற்றுயிர்களை அவர்கள் கண்ணாலேயே காணச் செய்தார். குளம் தூய்மையானதாகவே இருக்கட்டும். நீரில் வந்து ஒட்டிய உயிரைத் துணி தடுக்கட்டும் என்றார். தெய்வத்தைப் பழிக்காமல் நோயைத் தடுத்த பண்பு அது. பிறர் வணங்குவதை மதியாதவன் பிறர்க்குத் தண்ணீர் கொடுத்தாலும் அது தொண்டாகாது.

பழஞ்சேலையின் பெருமை

வங்க தேசத்தில் மத்லப் என்னும் பகுதி உள்ளது. ஆறும் குளமும் நிறைந்த நாடு. வாந்திபேதி அடிக்கடி தலைகாட்டும் இடம். அந்நோயின் கிருமி நீரில் வாழும் மிகச் சிறிய உயிரினங்களின் உடலில் ஒட்டிக்கொண்டு பெருகும் என்பதை ரீட்டா கால்வெல் என்னும் அறிவியல் அம்மையார் ஆராய்ந்து அறிந்தார். கிருமியைத் துணி தடுக்காது. அது ஏறி வரும் ஊர்தியைத் துணி தடுக்குமே! எந்தத் துணி? ஏழை வீட்டிலும் இருக்கும் பழஞ்சேலை. புதுச்சேலையைக் காட்டிலும் பழஞ்சேலை நன்று. துவைத்துத் துவைத்து நைந்த நூல் விரிந்து கண்களைச் சிறிதாக்கிவிடுகின்றது. அதனை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் முகந்தனர். 65 ஊர்களில் நடந்த இம்முயற்சியின் முடிவு 2003இல் வெளிவந்தது. சேலையில் வடித்துக் குடித்த ஊர்களில் வாந்திபேதி 48 விழுக்காடு குறைந்தது.

தாய்மார்களே! கிழிந்ததென்று நீங்கள் ஒதுக்கும் சேலை ஓர் ஊரில் பாதி நோயை நீக்கியது. அந்த ஊர்ப் பெண்கள் எதையும் விலைக்கு வாங்கவில்லை. வீட்டில் இருந்ததை வேறு பயனுக்கு எடுத்தனர். தொண்டர் கொண்டு சென்றது அறிவு ஒன்றையே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். துணியில் வடித்தால் மட்டும் எல்லாக் கிருமியும் நீங்கிவிடாது. காய்ச்சிக் குடிப்பதே முழுக் காவல். விறகுக்கு வழியில்லாத இடத்தில், ஒன்றும் செய்யாமல் இருப்பதினும் வடிப்பது பன்மடங்கு நன்று என்பதே இதன் கருத்து.

மண்ணால் செய்த தொண்டு

தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனாரை எல்லீரும் அறிவீர்கள். மண்ணைப் பிசைந்து, வனைந்து, சூளையிட்டு, அடியார்க்குத் திருவோடு அளித்தவர். இறைவன் நஞ்சு உண்டு கறுத்த கழுத்தின்மேல் பேரன்பு பூண்டவர்; திருநீலகண்டம் என்ற சொல்லுக்காக இல்வாழ்வின் இன்பத்தையே துறந்தவர்.

1981ஆம் ஆண்டில் நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் பெர்னாண்டோ மசாரியேகோசு என்னும் வேதியியல் அறிஞர், ஏழை மக்களுக்காக ஒரு மண் வடிகலத்தை வகுத்தார். களிமண்ணோடு மரத்தூளைக் கலந்து பூந்தொட்டி வடிவில் கலம் செய்வர். சூளையில் வேகும்போது மரத்தூள் எரிந்து போகும். அதன் இடத்தில் எண்ணற்ற நுண்துளைகள் தோன்றும். மரத்தூள் அரிதான இடத்தில் உமியைக் கலப்பர். கம்போடியாவில் அப்படியே செய்கின்றனர். கலத்தில் வெள்ளிக் கரைசல் பூசுவர். அதனை மூடியுள்ள வாளியின் வாயில் பொருத்தி நீர் ஊற்றினால், மணிக்கு இரண்டு லிட்டர் அளவில் தெளிநீர் சொட்டும். அழுக்கும் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியும் மண்ணிலேயே தங்கும்.

1998இல் மிட்ச் என்னும் கடும்புயல் நிகராகுவா நாட்டைச் சிதைத்தது. கிணறுகள் சேற்றில் மூழ்கின. அப்போது 'பாட்டர்ஸ் பார் பீஸ்' என்னும் குயவர் அமைப்பு இந்த வடிகலத்தைக் கையில் எடுத்தது. அவ்வமைப்பைச் சேர்ந்த ரான் ரிவேரா என்பவர் கலங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. நாடு நாடாகச் சென்று, அங்குள்ள குயவர்க்கே இக்கலையைக் கற்பித்தார். முறையை எவருக்கும் மறைக்கவில்லை. ஏறத்தாழ 30 பட்டறைகள் எழ அவர் துணைநின்றார். 2008இல் நைசீரியா நாட்டில் பட்டறை அமைக்கச் சென்ற இடத்தில் மலேரியாக் காய்ச்சல் பற்றியது. அதனாலேயே அவர் உயிர் நீத்தார்.

அன்பர்களே! பாற்கடல் கடைந்த நாளில் எழுந்த நஞ்சை இறைவன் தன்னிடம் நிறுத்திக்கொண்டான். அமுதத்தைப் பிறர்க்கு விட்டான். மண்கலம் என்ன செய்கின்றது? நஞ்சைத் தன்னுள் நிறுத்திக்கொண்டு, தெளிநீரை நமக்கு விடுகின்றது. அக்கலத்தைக் கொண்டு சென்ற தொண்டரும் நோயைத் தாம் ஏற்று, நலத்தைப் பிறர்க்கு விட்டுச் சென்றார். திருநீலகண்டத்தின் பொருளை நூலிற் படித்தோம். இங்கே வாழ்விற் காண்கின்றோம்.

அன்போடு அறிவும் வேண்டும்

தொண்டுக்கு அன்பு மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் சான்று உண்டு.

வங்க தேசத்தில் குளத்து நீரால் குழந்தைகள் மடிவதைக் கண்டு, 1970களில் யூனிசெப் முதலிய அமைப்புகள் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. நோக்கம் தூயது. ஆனால் அந்நாட்டு நிலத்தடியில் இயற்கையாகவே ஆர்சனிக் என்னும் பாடாணம் கலந்திருந்தது. அந்த நாளில் அதைச் சோதித்துப் பார்ப்பார் இல்லை. 1993இல்தான் முதன்முதலில் கண்டறிந்தனர். அதற்குள் கோடிக்கணக்கானோர் அந்நீரைப் பருகியிருந்தனர். தோலிற் கரும்புள்ளியும், உள்ளுறுப்புகளிற் புற்றும் தோன்றின. நீரைக் காய்ச்சினாலும் இந்நஞ்சு நீங்காது; துணியில் வடித்தாலும் நீங்காது. ஒரு நாட்டு மக்களுக்கு நேர்ந்த நஞ்சூட்டங்களில் இதுவே மிகப் பெரியது என்று 2000இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழிலேயே எழுதினர்.

இதற்கும் ஒரு தொண்டர் தோன்றினார். அந்நாட்டுக் குஷ்டியாவில் பிறந்து அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் அபுல் உசாம். தம் குடும்பத்தார் பருகிய கிணற்று நீரிலும் அந்நஞ்சு இருக்கக் கண்டார். பல ஆண்டு உழைத்து, இரும்புத் துகளும் ஆற்று மணலும் கரியும் செங்கல் சல்லியும் வாளிகளில் அடுக்கி, 'சோனோ' என்னும் வடிகட்டியை வகுத்தார். 2007இல் அதற்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு கிடைத்தது. அதில் 70 விழுக்காட்டை ஏழை மக்களுக்கு வடிகட்டி வழங்கவே ஒதுக்கினார். அன்பு விட்ட குறையை அறிவு நிறைத்தது. அறிவு பெற்ற பரிசை அன்பு வழங்கியது.

தொண்டன் தூய்மை

இன்னொரு பாடம் இன்னும் கடுமையானது. 2010 சனவரியில் எய்ட்டி நாட்டை நிலநடுக்கம் தகர்த்தது. உலகமே உதவிக்கு ஓடியது. அவ்வாண்டு அக்டோபரில் அந்நாட்டில் வாந்திபேதி எழுந்தது. நூறாண்டுக்கு மேலாக அங்கே அந்நோய் பதிவானதே இல்லை. ஆராய்ந்தபோது, அமைதி காக்க வந்த ஐக்கிய நாட்டுப் படையினரின் முகாமொன்றிலிருந்து கழிவுநீர் ஆர்ட்டிபோனைட் ஆற்றோடு சேரும் ஓடையிற் கலந்ததே காரணம் என்று தெரிந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2016இல் ஐக்கிய நாட்டுப் பொதுச்செயலர் எய்ட்டி மக்களிடம் மன்னிப்பு வேண்டினார்.

உதவ வந்த கையே நோயைக் கொணர்ந்தது. தீய எண்ணத்தால் அன்று. கழிவைக் கருதாத கவனக்குறைவால். கருவறைக்குள் புகுமுன் கைகால் கழுவுகின்றோமே, அதன் பொருள் இதுதான். பிறர்க்கு நீர் வார்க்கப் போகின்றவன் முதலில் தன் கையைக் காண வேண்டும்.

நந்தா விளக்கின் பாடம்

திருக்கோயிற் கல்வெட்டுகளைப் படித்தவர் அறிவர். நந்தா விளக்கு ஒன்று ஏற்ற நினைத்தவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 96 ஆடுகளையும் கொடுத்தார். அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஆடு முதிர்ந்தாலும் மாண்டாலும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாது, நெய் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும், விளக்கு அணையாது. ஏற்றிய நாளைவிட ஏற்றிய பின் வரும் நாள்களைப் பற்றியே முன்னோர் மிகுதியும் கவலைப்பட்டனர்.

தெளிநீர்த் தொண்டில் மிகப் பலர் வழுவும் இடம் இதுவே. வடிகட்டியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவர். கம்போடிய நாட்டில் மண் வடிகலங்களை ஆராய்ந்தபோது, மாதந்தோறும் ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டு வீடுகளில் கலம் பயனின்றிப் போனது தெரிந்தது. முதற்காரணம் கலம் உடைந்தது. மாற்றுக்கலம் அருகில் கிடைத்தால்தானே மீண்டும் வாங்குவர்? சிறு தொகையேனும் கொடுத்து வாங்கியவர், இனாமாகப் பெற்றவரைக் காட்டிலும் நெடுநாள் காத்துப் பயன்படுத்தினர் என்பதும் தெரிந்தது. மத்லப் ஊர்களிலும் ஐந்தாண்டு கழித்துச் சென்று கண்டபோது, கற்ற பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே வடித்துக் குடித்து வந்தனர்.

ஆகவே ரிவேரா கலத்தைக் கொடுக்காமல் குயவரை உருவாக்கியதன் பெருமை இப்போது விளங்கும். கானாவின் மகளிர் துணியைக் கொடுத்ததோடு நில்லாமல், கிழிசலைத் தேடி வீடு வீடாக நடந்ததன் பெருமையும் விளங்கும். அவர்கள் விளக்கோடு ஆடுகளையும் கொடுத்தவர்கள்.

திருவாரூரில் தண்டியடிகள் என்றொரு நாயனார். பிறவியிலேயே கண்ணில்லாதவர். தூர்ந்து சுருங்கிய திருக்குளத்தைத் தோண்ட முனைந்தார். இருபுறமும் தறி நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கினார். மண்ணைக் கூடையில் சுமந்து கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறினார். ஒரு நாளில் முடிந்த வேலையா அது? முடிவு கண்ணுக்குத் தெரியாத வேலையையும் நாள்தோறும் செய்வதே தொண்டின் உயிர்.

நாம் செய்வன

இவ்வளவும் கேட்டோம். நாம் செய்யத்தக்கது யாது?

முதலாவது, நம் திருவிழாத் தண்ணீர்ப்பந்தர். வெயிலில் வரும் அடியார்க்கு நீரும் மோரும் அன்போடு வார்க்கின்றோம். அந்த நீர் எங்கிருந்து வந்தது? காய்ச்சினோமா? வடித்தோமா? பானையை மூடினோமா? பல கைகள் ஒரே குவளையைப் பானைக்குள் அமிழ்த்துகின்றனவா? நீண்ட பிடியுள்ள அகப்பை ஒன்றும், கீழே குழாய் வைத்த பானையும் பெரும் பொருட்செலவு அல்ல. ஆயிரம் பேர் கூடும் இடத்தில் ஒரு பானை கெட்டால் ஆயிரம் வீட்டுக்கு நோய் செல்லும். நம் பந்தரில் குடித்த பிள்ளை நோயில் விழுமானால், பந்தரின் முகப்பில் இறைவன் பெயரை எழுதி என்ன பயன்?

இரண்டாவது, திருக்குளம். பூசைப் பொருளையும் பொட்டலத் தாளையும் அதில் எறியாமல் இருப்பதே தண்டியடிகளுக்குச் செய்யும் முதல் வணக்கம். நாம் கெடுத்த நீரை வடிக்க வேறொருவர் வர வேண்டும் என்பது சைவர்க்கு அழகன்று.

மூன்றாவது, தொலைநாட்டுத் தொண்டு. நம் பிள்ளைகள் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்கள் அங்குள்ள தொண்டர்களோடு கைகோக்கலாம். இங்குள்ளவர் வேண்டுதற் காணிக்கையில் ஒரு பகுதியைத் தெளிநீர்ப் பணிக்கு ஒதுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த ஊர் நீரில் உள்ள கேடு எது என்று சோதித்தார்களா? அந்த ஊராரே செய்யவும் செப்பனிடவும் கற்றார்களா? ஓராண்டு கழித்து யார் சென்று பார்ப்பார்? இம்மூன்றுக்கும் விடையுள்ள இடத்தில் கொடுங்கள். கல்வெட்டில் ஆட்டின் கணக்கை எழுதிய முன்னோரின் வழி அது.

நான்காவது, பெயர். வடிகட்டியின் மேல் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கும் ஆசை இயல்பே. அப்பூதியாருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் பொறித்த பெயர் தம்முடையதன்று. குடிக்கும் பிள்ளை கொடுத்தவனை அறிய வேண்டியதில்லை. நீர் தெளிவாக இருந்தால் போதும்.

நிறைவுரை

மெய்யன்பர்களே! நெய்தவர் துணியால் தொண்டு செய்தார். வனைந்தவர் மண்ணால் தொண்டு செய்தார். கண்ணில்லாதவர் கயிற்றைத் தடவித் தொண்டு செய்தார். இல்லறத்தார் தண்ணீரால் தொண்டு செய்தார். எல்லாரும் நாயன்மார் ஆயினர். கையில் உள்ளது எதுவோ அதைக்கொண்டு தொண்டு செய்தோரை இறைவன் ஏற்றான். அதே துணியும் அதே மண்ணும் இன்று கடல் கடந்து குழந்தைகளைக் காக்கின்றன. இத்தொண்டைச் செய்வோர் எம்மொழியினராயினும் எச்சமயத்தினராயினும், அவர்களை நம் நெஞ்சால் வணங்குவோம். அவர்களுள் ஒருவராகும் நாளை விரும்புவோம்.

இன்றிரவு வீட்டுக்குச் சென்று தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறக்கும்போது, கழுத்தில் நஞ்சை நிறுத்தி உலகைக் காத்த பெருமானை ஒரு நொடி நினையுங்கள். இந்தத் தெளிநீர் கிடையாத ஓர் ஊரின் தாயையும் நினையுங்கள். அந்நினைவு வழிபாடாகும்; அந்நினைவினின்று எழும் செயல் திருத்தொண்டாகும்.

குளங்கள் நிறைக! கிணறுகள் தெளிக! நீர் முகக்கும் கைகள் தூய்மையுறுக! பருகும் உயிர்கள் நோயின்றி வாழ்க! அம்மையப்பன் திருவடி நம் அனைவர்க்கும் துணை நிற்பதாகுக!

திருச்சிற்றம்பலம்